கேள்வி நேரம்: பட்டம் வாங்குவதற்கு முன்பே ஆய்வுக்குள் நுழைய முடியுமா?

கேள்வி: அரசு கலைக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் கல்லூரியில் ஆய்வகம் என்றால் செய்முறைத் தேர்வு நடக்கும் அறைதான். ஆராய்ச்சி செய்து பார்க்க வேண்டும் என்று ஆசை இருக்கிறது. எங்கே, யாரிடம், எப்போது கேட்பது என்று தெரியவில்லை, ஐயா.
– வாசகி, செங்கம்

பதில்: நீங்கள் கேட்ட மூன்றில் ‘எப்போது’ என்பதற்கே முதலில் பதில் சொல்கிறேன். ஏப்ரலில் செமஸ்டர் தேர்வு முடிந்த பிறகு கோடை விடுமுறைக்கு ஏதாவது கிடைக்குமா என்று தேடத் தொடங்கும் மாணவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அதற்குள் பெரும்பாலான கதவுகள் சாத்தப்பட்டிருக்கும். பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் அகாதமியும், தில்லியிலும் பிரயாக்ராஜிலும் உள்ள மற்ற இரு அறிவியல் அகாதமிகளும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்திட்டத்தில், தேர்வாகிறவர்கள் இரண்டு மாதங்கள் ஓர் ஆய்வாளரிடம் இருந்து வேலை செய்யலாம். உதவித்தொகையும் பயணச் செலவும் உண்டு. அதற்கான விண்ணப்பம் பெரும்பாலும் நவம்பர் மாதத்தோடு முடிந்துவிடும். மேயில் போக வேண்டியவர் தீபாவளி சமயத்திலேயே விண்ணப்பத்தை எழுதிக்கொண்டிருக்க வேண்டும். கல்லூரி ஆசிரியர்களுக்கும் இதே திட்டத்தில் இடம் உண்டு என்பதை உங்கள் துறைத்தலைவரின் காதில் போட்டு வையுங்கள்.

உங்களைப் போலப் பட்டப்படிப்பின் தொடக்க ஆண்டுகளில் இருப்பவர்களுக்கென்றே மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் 2004 முதல் தேசிய இளநிலை அறிவியல் முன்முயற்சி என்ற திட்டத்தை நடத்தி வருகிறது. அதில் முதலில் ஒரு முகாம் நடக்கும்; அங்கே தேறுபவர்கள் விடுமுறைகளில் திரும்பத் திரும்ப வந்து ஒரே ஆய்வைத் தொடரலாம். கணிதத்தில் மனம் இருப்பவர்களுக்கு, 1993இல் தொடங்கிய கணிதப் பயிற்சி மற்றும் திறன் தேடல் முகாம் இருக்கிறது. நான்கு வாரம் நடக்கும் அந்த முகாமை ஆய்வு என்று சொல்ல முடியாதென்றாலும், ஆய்வுக்குத் தேவையான முதுகெலும்பு அங்கே உருவாகும். சென்னை ஐ.ஐ.டி.யின் கோடைத் திட்டத்துக்கு பி.எஸ்சி. மாணவர்கள் பலர் விண்ணப்பித்து ஏமாறுகிறார்கள். பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவர்களையும் முதுநிலை முதலாண்டு மாணவர்களையும் மனத்தில் வைத்து அமைக்கப்பட்ட திட்டம் அது. எந்த அறிவிப்பானாலும் தகுதி பற்றிய வரியை முதலில் படியுங்கள்.

விண்ணப்பத்தில் ஏறக்குறைய எல்லோரும் வழுக்கி விழும் இடம் ‘என்ன செய்ய விரும்புகிறீர்கள்’ என்ற சிறு பகுதி. ‘சிறு வயது முதலே வானத்தின் மீது எனக்குத் தணியாத ஆர்வம்’ என்று நூறு பேர் எழுதுகிறார்கள். ஆர்வத்தை அளக்க யாரிடமும் கருவி இல்லை; செய்த வேலையை அளக்கலாம். ஆகவே நவம்பருக்கு முன் சிறியதாக ஒன்றைச் செய்துவிடுங்கள். 1899இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் நூறாண்டுகளுக்கும் மேலாக எடுக்கப்பட்ட சூரியப் படங்கள் எண்ணிம வடிவில் இணையத்தில் கிடைக்கின்றன. கரும்புள்ளி ஒன்று தெளிவாகத் தெரியும் ஆறேழு தொடர் நாட்களின் படங்களை எடுத்து, வட்டத்தின் விட்டம் 15 சென்டிமீட்டர் வருமாறு அச்சிட்டு, சூரியனின் நடுவே வடக்கு தெற்காகச் செல்லும் கோட்டிலிருந்து அந்தப் புள்ளி எத்தனை மில்லிமீட்டர் விலகியிருக்கிறது என்று அளவுகோலால் அளந்து பாருங்கள். அந்தத் தொலைவை ஆரத்தால் வகுத்து, தலைகீழ் சைன் கண்டால் கோணம் கிடைக்கும். புள்ளி நாளொன்றுக்கு ஏறக்குறைய 13 பாகை நகர்வது தெரியும். அதிலிருந்து, பூமியிலிருந்து பார்க்கும்போது சூரியன் தன்னைத்தானே சுற்ற 27 நாட்கள் அளவில் ஆகிறது என்பது உங்கள் கையாலேயே வரும்.

ஆனால் சுவையான பகுதி அதற்குப் பிறகுதான் இருக்கிறது. விளிம்பை நெருங்கும் நாட்களில் உங்கள் கணக்கு தாறுமாறாகப் போகும். அங்கே அரை மில்லிமீட்டர் பிழைகூடச் சில பாகைகளாகப் பெருகிவிடும் என்பதுதான் காரணம். சூரியனின் நடுவே கிழக்கு மேற்காகச் செல்லும் கோட்டைத் தள்ளி நிற்கும் இன்னொரு புள்ளியை அளந்தால் வேகம் சற்றுக் குறையும், ஏனென்றால் சூரியன் திடப்பொருளைப் போல ஒரே வேகத்தில் சுழல்வதில்லை. இதில் புதிய கண்டுபிடிப்பு ஏதுமில்லை என்பது உண்மைதான். ஆனால் ‘எனக்கு இந்த விடை வந்தது, இந்த இடத்தில் பிழை பெருகியது, அதை எப்படிக் குறைப்பது என்று கற்றுக்கொள்ள விரும்புகிறேன்’ என்று எழுதும் மாணவியின் விண்ணப்பம் அந்தக் குவியலில் தனியாகத் தெரியும். ஒரு சனிக்கிழமை ஜவ்வாது மலை ஏறி, காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். உங்கள் ஊருக்கு அது அப்படியொன்றும் தொலைவில்லை.

பரிந்துரைக் கடிதத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அது தேவைப்படும். அளந்த அட்டவணையை எடுத்துக்கொண்டு போய் உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள். ‘நல்ல மாணவி, ஒழுங்காக வருகிறார்’ என்பதைத் தாண்டி எழுத அவருக்கும் ஏதாவது வேண்டுமல்லவா?

கேள்வி: மூன்றாம் ஆண்டு உயிர்த்தொழில்நுட்பம் படிக்கிறேன். கோடை ஆய்வுக்கு இடம் கேட்டு நாற்பது பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஒருவர்கூடப் பதில் போடவில்லை. பெரிய கல்லூரி மாணவர்களுக்கு மட்டும்தான் பதில் எழுதுவார்களா?
– வாசகர், ஈரோடு

பதில்: நீங்கள் இணைத்து அனுப்பிய கடிதத்தைப் படித்தேன். அதில் பேராசிரியரின் பெயர் இல்லை, அவர் எதில் வேலை செய்கிறார் என்ற குறிப்பு இல்லை, ‘தங்கள் மேலான ஆய்வகத்தில் எந்தத் துறையிலும் பணியாற்ற ஆயத்தமாக இருக்கிறேன்’ என்ற வரி இருக்கிறது. எதையும் செய்யத் தயாராக இருப்பவரிடம் எதைக் கொடுப்பது என்று பெறுபவருக்கு விளங்காது. நான் பணியில் இருந்த காலத்தில் எனக்கு வந்த ஒரு கடிதத்தில் பக்கத்து அறைக்காரரின் பெயர் இருந்தது. அவருக்குப் போனதில் என் பெயர் இருந்ததா என்று கேட்க மறந்துவிட்டேன்.

நாற்பதை ஆறாகக் குறையுங்கள். அந்த ஆறு பேரும் அண்மையில் எழுதிய கட்டுரைகளில் ஒவ்வொன்றைத் தேடி, முழுவதும் புரியாவிட்டாலும் முன்னுரையையும் படங்களின் விளக்கங்களையுமாவது ஊன்றிப் படியுங்கள். கட்டுரை காசு கேட்கிறதே என்று விட்டுவிட வேண்டாம். நீங்கள் படிப்பது அரசுக் கல்லூரி என்றால், ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் 2025 ஜனவரி முதல் ஏராளமான ஆய்விதழ்களைப் படிக்க வழி செய்யப்பட்டிருக்கிறது. கல்லூரி நூலகரைக் கேளுங்கள். அவருக்கே தெரியாவிட்டால் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு எழுதும் கடிதம் ஒரு திரைக்குள் அடங்க வேண்டும். நீங்கள் யார், என்ன படிக்கிறீர்கள் என்பது ஒரு வரி. அவருடைய கட்டுரையில் உங்களை நிறுத்திய இடமும் அதைப் பற்றி எழுந்த ஒரு கேள்வியும் மூன்று வரி. உங்கள் கையால் செய்யத் தெரிந்தது ஒரு வரி, ‘பி.சி.ஆர். (டி.என்.ஏ.வைப் பெருக்கும் சோதனை) தெரியும்’ என்பதைவிட ‘கல்லூரியில் நானே நான்கு முறை பி.சி.ஆர். வைத்தேன், முதலிரண்டு முறை விடையைக் காட்டும் பட்டை விழவில்லை’ என்பது மதிப்புள்ள வரி. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வர முடியும் என்பது ஒரு வரி. மதிப்பெண் பட்டியலை இணைத்துவிடுங்கள். அரியர் இருந்தால் மறைக்க வேண்டாம்.

இரண்டு வாரம் காத்திருந்து ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். அதற்கும் மௌனம்தான் என்றால் அடுத்தவரிடம் போங்கள். பேராசிரியருக்குப் பதிலாக அவருடைய ஆய்வு மாணவர் ஒருவருக்கு எழுதுவதும் வழிதான். அவருக்குத்தான் உண்மையில் இன்னொரு ஜோடிக் கை தேவைப்படும்.

பெரிய கல்லூரிப் பெயர் உதவும் என்பதை மறுக்க மாட்டேன். ஆயினும் இதே சென்னையில் 1928இல் நடந்ததைச் சொல்கிறேன். ஜெர்மானிய இயற்பியலாளர் சோமர்ஃபெல்ட் மாநிலக் கல்லூரிக்கு வந்தபோது, அங்கே பட்ட வகுப்பில் படித்துக்கொண்டிருந்த சுப்பிரமணியன் சந்திரசேகர் அவருடைய விடுதிக்கே தேடிப் போய்ச் சந்தித்தார். சோமர்ஃபெல்டின் நூலை அவர் முழுவதும் படித்து முடித்திருந்தார். அந்த நூலில் உள்ளதெல்லாம் பழையதாகிவிட்டது என்று அவரிடமே சொன்ன சோமர்ஃபெல்ட், இன்னும் அச்சாகாத தன் கட்டுரையின் மெய்ப்புத் தாள்களைக் கொடுத்தனுப்பினார். அதைப் படித்து அந்த மாணவர் எழுதிய கட்டுரை, கேம்பிரிட்ஜில் இருந்த இயற்பியலாளர் ஃபவுலரின் கைக்குப் போய், 1929இல் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது. பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர் என்பதால் இதை எடுத்துக்காட்டவில்லை. முன்பின் தெரியாத மாணவரின் கைக்கு மெய்ப்புத் தாள் வரக் காரணம், அவர் நூலைப் படித்துவிட்டுப் போனதுதான்.

கேள்வி: பொறியியல் படிக்கிறேன். ஆறாயிரம் ரூபாய் கட்டினால் ‘சர்வதேச ஆய்விதழில்’ மூன்று நாளில் கட்டுரை வெளியிட்டுத் தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. வெளிநாட்டு மேற்படிப்புக்கு உதவுமா?
– வாசகர், சேலம்

பதில்: உதவாது. நல்ல இதழ்களிலும் கட்டணம் கேட்பவை உண்டு, ஆனால் அவை துறை வல்லுநர்களிடம் கட்டுரையைக் கொடுத்துச் சரிபார்த்த பிறகே ஏற்கும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். மூன்று நாளில் அச்சாவது கல்யாணப் பத்திரிகை. அந்தப் பணத்தில் சில உணரிகளும் ஒரு மைக்ரோகன்ட்ரோலர் பலகையும் வாங்கலாம். இறுதியாண்டில் நல்ல ப்ராஜெக்ட் ஒன்று கையில் இருந்தால், தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் திட்ட நிதிக்கு உங்கள் துறை வழியாக விண்ணப்பியுங்கள். அங்கே பணம் உங்களை நோக்கி வரும்.

கேள்வி: ஆய்வு வாய்ப்பு என்றாலே அறிவியல், பொறியியல் என்றுதான் பேசுகிறார்கள். பி.ஏ. வரலாறு படிக்கும் எனக்கு வழி உண்டா?
– வாசகி, காரைக்குடி

பதில்: உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு ஒரு மகிழ்ச்சி. பக்கத்திலுள்ள கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுவதும் சேர்த்த நூல்களும் துண்டறிக்கைகளும் நாடக விளம்பரங்களும்தான் 1994இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆய்வு நூலகமாயின. வரலாற்றில் இளநிலை மாணவர்களுக்கென அமைந்த உதவித்திட்டங்கள் குறைவு, உங்கள் மனக்குறை நியாயமானதே. ஆனால் ஆய்வகத்தின் சாவிக்காக நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் வட்டாரத்து வீடுகளின் பரண்களில் பர்மாவிலிருந்தும் மலேயாவிலிருந்தும் வந்த கடிதங்களும் பற்று வரவு ஏடுகளும் இன்னும் கிடக்கின்றன. ஒரே ஒரு வீட்டின், ஒரே ஓர் ஆண்டின் கணக்கேட்டை எடுத்து, என்ன வாங்கினார்கள், யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று பெயர்த்தெழுதுங்கள். பழைய எண்குறிகளையும் அளவைகளையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் படிக்கப் பழகுங்கள். உரிமையாளரின் ஒப்புதலைப் பெறாமல் படம் எடுக்காதீர்கள். இதைச் செய்துவிட்டு, கல்லூரியின் அறிமுகக் கடிதத்தோடு சென்னை எழும்பூரிலுள்ள ஆவணக் காப்பகத்துக்கோ புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்துக்கோ போனால், என்ன தேடி வந்தீர்கள் என்ற கேள்விக்கு உங்களிடம் விடை இருக்கும்.

கேள்வி: என் மகளுக்குப் பெங்களூரில் இரண்டு மாத ஆய்வுக்கு இடம் கிடைத்திருக்கிறது. தனியாக அனுப்பத் தயக்கமாக இருக்கிறது. சம்பளமும் பெரிதாக இல்லை. அனுப்பலாமா?
– ஒரு தாய், விருதுநகர்

பதில்: அனுப்பலாம், அம்மா. அதற்கு முன் சிலவற்றை எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்: தங்கும் விடுதி வளாகத்துக்குள் உண்டா, வெளியில் என்றால் யார் ஏற்பாடு, மாலை எத்தனை மணி வரை ஆய்வகத்தில் இருக்க வேண்டும், உதவித்தொகை மாதாமாதம் வருமா கடைசியில் மொத்தமாக வருமா என்பவை. கடைசியில்தான் வரும் என்றால் இரண்டு மாதச் சாப்பாட்டுச் செலவை நீங்கள் முன்கூட்டியே கையில் கொடுத்தனுப்ப வேண்டியிருக்கும். பல வீடுகளில் தடுமாற்றம் அங்கேதான் வருகிறது. பாலியல் தொல்லை பற்றிய புகார்களை விசாரிக்கும் உள்புகார் குழுவின் தொடர்பு விவரத்தையும் முதல் நாளே அவர் குறித்துக்கொள்ளட்டும். முதல் முறை நீங்களே கூடப் போய், அறையைப் பார்த்து, வழிகாட்டியிடம் ஐந்து நிமிடம் பேசிவிட்டு வாருங்கள். அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தொகை சிறியதுதான். ஆனால் அடுத்த ஆண்டு முதுநிலைச் சேர்க்கை நேர்காணலில் ‘என்ன செய்திருக்கிறாய்’ என்று கேட்கும்போது உங்கள் மகள் பேசப்போவது இந்த இரண்டு மாதத்தைப் பற்றித்தான். கிளம்பும்போது ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். சரியாக வராத சோதனைகளையும் அதில் தேதி போட்டு எழுதச் சொல்லுங்கள்.