மேற்கத்திய இசை படிக்க ஜெர்மனி போகிறேன். முதல் சில வாரங்கள் எப்படி இருக்கும்?

கேள்வியோடு நீங்கள் இன்னொன்றும் எழுதியிருந்தீர்கள். பியானோவில் எட்டாம் கிரேடு முடித்துவிட்டேன், அக்டோபரில் கிளம்புகிறேன், அங்கிருப்பவர்கள் முன்னால் நான் ஒன்றுமே இல்லையோ என்று பயமாக இருக்கிறது என்று. அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். 2017 அக்டோபரில் ஆர்கன் படிக்க லைப்சிக் நகரில் இதே பயத்தோடு இறங்கியவன் நான்.

நீங்கள் எந்த ஊர், வீட்டில் என்ன வசதி என்று எனக்குத் தெரியாது. சென்னையில் நல்ல பியானோ, நல்ல ஆசிரியர் என்று படித்தவராக இருந்தால் நான் சொல்வதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. நான் தரங்கம்பாடிக்குப் பக்கத்து ஊர்க்காரன். அப்பா உபதேசியார், சபையில் போதகருக்கு உதவியாக ஊழியம் செய்பவர். எனக்கு இசை சொல்லிக் கொடுத்தது எங்கள் ஐயரம்மா. எங்கள் லுத்தரன் சபையில் போதகரை ஐயர் என்றும் அவர் மனைவியை ஐயரம்மா என்றும்தான் கூப்பிடுவோம். ஆலயத்தில் ஒரு பழைய ரீட் ஆர்கன் இருந்தது. காலால் மிதித்தால் துருத்தியில் காற்று ஏறும், கையால் வாசிக்க வேண்டும். பத்து வயதில் அதில் உட்கார்ந்தேன். கால் எட்டாது. ஐயரம்மா பக்கத்தில் நின்று ஒரு மிதியை மிதிப்பார், நான் இன்னொன்றை மிதிப்பேன்.

பிறகு கிரேடு தேர்வுகள், சென்னையில் இரண்டு வருஷம், அங்கே ஒரு பழைய ஆலயத்தின் குழாய் ஆர்கனில் வாரம் இரண்டு நாள் பயிற்சி. குழாய் ஆர்கனில் காலுக்கும் தனியாகக் கட்டைகள் உண்டு. ஜெர்மன் ஆர்கன்களில் பெரும்பாலும் முப்பது கட்டைகள். நான் அதை வெறுங்காலில் வாசித்துப் பழகினேன். நம் ஆலயங்களில் செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தானே உள்ளே போவோம், வேறு மாதிரி யோசிக்கவே தோன்றவில்லை.

முதல் வகுப்பில் பேராசிரியை என் காலைப் பார்த்தார். சாக்ஸ் மட்டும் போட்டிருந்தேன். "ஷூ எங்கே?" என்றார். கழற்றி வாசலில் வைத்திருக்கிறேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. தன் ஷூவைக் கழற்றி என் கையில் கொடுத்தார். மெல்லிய தோல் அடிப்பாகம், சின்னதாக ஒரு குதிகால். அடியில் தூசி ஒட்டியிருக்கவில்லை, அதைப் போட்டுக்கொண்டு அவர் தெருவில் நடப்பதே இல்லை. அந்தக் குதிகால் உயரம் இருந்தால்தான் கணுக்காலை அதிகம் தூக்காமல் முன்பாதத்தாலும் குதிகாலாலும் மாறி மாறி அடுத்தடுத்த கட்டைகளை அழுத்த முடியும். நான் இரண்டு வருஷமாக முன்பாதத்தை மட்டும் வைத்துத் தாவிக்கொண்டிருந்தேன் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

அடுத்த மூன்று வாரம் கையே கிடையாது. இரண்டு கைகளையும் பெஞ்சின் ஓரத்தில் வைத்துக்கொண்டு காலால் மட்டும் ஸ்கேல். அதிலும் முதல் வாரம் காற்று மோட்டாரைப் போடவே விடவில்லை. சத்தம் வராத ஆர்கனில், மரக்கட்டை மரத்தில் தட்டும் டொக், டொக் என்ற ஒலி மட்டும். அந்த டொக் சீராக விழ வேண்டும், இரண்டு கட்டைகளுக்கு நடுவில் இடைவெளி இருக்கக்கூடாது. ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் படைப்புகள் நான்கை மனப்பாடமாக வாசித்து நுழைவுத் தேர்வில் தேறி வந்தவனை, ஸ, ரி, க, ம-வுக்கு அனுப்பியதுபோல் இருந்தது. முதல் வெள்ளிக்கிழமை அறைக்கு வந்து அழுதேன். உங்களுக்கும் இது நடக்கும் என்றே நினைக்கிறேன். வயலின் என்றால் திறந்த தந்தியில் வில்லை இழுக்கச் சொல்வார்கள், பியானோ என்றால் ஒரே சுரத்தை நாள் முழுக்க அழுத்தச் சொல்வார்கள். அதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். என் வகுப்பில் இருந்த கொரியப் பெண்ணையும் அப்படித்தான் உட்கார வைத்தார். அவள் என்னைவிடப் பத்து மடங்கு நன்றாக வாசிப்பவள்.

காகித வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் சேர்ந்த இடத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களுக்கு ஒரு பருவத்துக்கு 1,800 யூரோ கட்டணம். விசாவுக்கு முடக்கக் கணக்கில், அதாவது மொத்தமாக எடுக்க முடியாத தனிக் கணக்கில், செலவுக்கான பணத்தை முன்கூட்டியே போட வேண்டும். என் காலத்தில் வருஷத்துக்கு 8,640 யூரோ, அன்றைய மதிப்பில் ஆறரை லட்சம் ரூபாய். 2024-இல் அது 11,904 யூரோ ஆனது. அந்தப் பணம் மாதாமாதம்தான் கைக்கு வரும். அதுவும் உள்ளூர்க் கணக்கு திறந்த பிறகுதான். என் வங்கியில் கணக்கு திறக்க முகவரிப் பதிவு கேட்டார்கள், முகவரிப் பதிவுக்கு வீட்டு உரிமையாளரின் கையெழுத்து வேண்டும். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். எனக்கு எல்லாம் முடிந்து பணம் வர இருபத்தாறு நாள் ஆனது. கையில் கொண்டுபோன 300 யூரோவில் ஓட்டினேன். நீங்கள் 600 ஆவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். அரிசி பற்றிக் கவலை வேண்டாம். கிழக்கு ஜெர்மனி காலத்தில் வேலைக்கு வந்த வியட்நாம்காரர்கள் அங்கேயே கடை வைத்துத் தங்கிவிட்டார்கள், நல்ல அரிசி கிடைக்கும். ஞாயிறு கடை இருக்காது, சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

பயிற்சிக்கு இடம் கிடைப்பதுதான் பெரிய பாடு. ஆர்கனை அறையில் வைத்துக்கொள்ள முடியாது. நகருக்கு வெளியே ஒரு சின்ன ஆலயத்தில், ஆலயத்தைத் திறந்து பூட்டிப் பார்த்துக்கொள்பவரை நம்மூரில் கோயில்குட்டி என்போமே, அவரிடம் சாவி வாங்கி வைத்திருந்தேன். காலை ஏழு முதல் ஒன்பது வரை என் நேரம். அக்டோபர் கடைசியில் அந்த ஆலயத்துக்குள் மூச்சு புகையாக வரும். கையுறை போட்டுக்கொண்டுதான் பயிற்சி செய்வேன். அந்த மாதம் 29-ஆம் தேதி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியிருந்தார்கள். எனக்குத் தெரியாது. ஆராதனைக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்ப் பூட்டிய கதவு முன் நின்றுகொண்டிருந்தேன்.

சரி, நம்மிடம் என்ன இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

காதுப் பயிற்சி வகுப்பில் நாலு குரலில் ஒரு கோரலை, அதாவது சபையார் பாடும் ஒரு பாட்டை, வாசித்துவிட்டு எழுதச் சொன்னார்கள். மூன்று முறைதான் வாசிப்பார்கள். சுற்றிலும் எல்லோரும் உச்சக் குரலையும் அடிக்குரலையும் எழுதிவிட்டு நடுவில் தடுமாறினார்கள். எனக்கு நடுவில் வரும் டெனர் என்ற ஆண் குரல் முழுசாகக் காதில் விழுந்தது. பன்னிரண்டு வருஷம் பாடகர் குழுவில் டோனிக் சோல்ஃபா எழுத்தை, அதாவது சுரங்களை டோ, ரே, மீ என்று எழுதும் முறையை, பார்த்து டெனர் பாடியவன். எந்தச் சுருதியில் வாசித்தாலும் எனக்கு அது டோ, ரே, மீ என்றுதான் கேட்கும். எழுதிக் கொடுத்தேன். சுரம் எல்லாம் சரி, கீழே எழுதிய பெயரில்தான் தப்பு. ஜெர்மனியில் நாம் பி என்று சொல்லும் சுரத்துக்கு ஹா என்று பெயர், எழுத்து ஹெச். அவர்கள் பி என்று எழுதினால் அது அதற்கு அரைச் சுரம் கீழே உள்ள பி ஃப்ளாட். அந்தக் கணக்கில்தான் பாக் (BACH) என்ற பெயரின் நாலு ஆங்கில எழுத்தும் நாலு சுரமாக வரும். அவர் முடிக்காமல் விட்டுப்போன கடைசி ஃபியூகில், அதாவது ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கும் படைப்பில், அந்த நாலு சுரத்தையும் வைத்திருக்கிறார். வகுப்பு எடுத்தவர் என் தாளில் பெயரை மட்டும் திருத்திவிட்டு, "டெனர் எங்கே கற்றீர்கள்?" என்று கேட்டார். தரங்கம்பாடி என்றேன். அவருக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்தது. லைப்சிக்கில் அந்தப் பெயர் தெரிந்தவர்கள் உண்டு. 1840-களிலிருந்து எங்கள் சபைகளைப் பார்த்துக்கொண்டது லைப்சிக் மிஷன்தான். ரயிலில் கொஞ்ச தூரம் போனால் ஹாலே. 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் படித்த ஊர். அங்குள்ள ஆவணக் காப்பகத்தில் நம் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. மூன்றாவது வாரம் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

மதத்தைக் கொண்டுவந்து நுழைக்கிறான் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆர்கன் படிப்பவனுக்கு ஆலயம்தான் பள்ளிக்கூடம், அதைத் தவிர்த்து என்னால் சொல்ல முடியாது. கர்நாடக இசை இருக்கும்போது வெள்ளைக்காரன் சங்கீதத்துக்கு ஏன் போக வேண்டும் என்று கேட்பவர்களும் வருவார்கள். நான் பிறந்ததிலிருந்து கேட்டது இது. முந்நூறு வருஷமாகத் தமிழில் பாடிக்கொண்டிருக்கும் மெட்டு எனக்கு வெளியூர்ச் சரக்காகத் தெரியவில்லை.

அந்த வருஷம் அக்டோபர் 31, மார்ட்டின் லூத்தர் தொடங்கிய திருச்சபைச் சீர்திருத்தத்துக்கு 500-ஆம் ஆண்டு. ஜெர்மனி முழுவதும் அந்த ஒரு வருஷம் மட்டும் விடுமுறை விட்டிருந்தார்கள். தோமா ஆலயத்துக்குப் போனேன். 1723-லிருந்து 1750-இல் சாகும்வரை பாக் இசைப் பொறுப்பில் இருந்த ஆலயம். பீடத்துக்கு முன்னால் தரையில் அவர் கல்லறை. கூட்டம் பிதுங்கியது, பக்கவாட்டில் ஒரு தூணை ஒட்டி நின்றேன். பைபிளில் வரும் 46-ஆம் சங்கீதத்தை வைத்து லூத்தர் எழுதிய பாட்டைத் தொடங்கினார்கள். எனக்கு அது ஐந்து வயதிலிருந்து தெரியும். புத்தகத்தைப் பார்க்காமல் தமிழிலேயே வாயெடுத்தேன். இரண்டாவது வரியிலேயே தனியாக நின்றேன். நாங்கள் ஊரில் ஒவ்வொரு சுரத்தையும் ஒரே அளவாகப் பாடுவோம். அவர்கள் லூத்தர் காலத்துப் பழைய தாளத்தில், குறிலும் நெடிலுமாக, ஓடி ஓடி நின்று பாடினார்கள். மெட்டு அதே மெட்டு, கால் மட்டும் இடறுகிறது. முதல் சரணம் முழுக்க வாயை மூடிக்கொண்டு கேட்டேன். இரண்டாவதில் சேர்ந்துகொண்டேன், தமிழ் வார்த்தைகளை அந்தத் தாளத்தில் மடக்கிப் போட்டு. பக்கத்தில் நின்ற வயதான அம்மா தன் புத்தகத்தை என் பக்கம் நீட்டினார். நான் தலையை ஆட்டிவிட்டுத் தமிழிலேயே பாடினேன். அவரும் புத்தகத்தை மூடிக்கொண்டார்.

லைப்சிக் போகிறீர்கள் என்றால் தோமா ஆலயத்தில் வெள்ளி மாலை ஆறு மணி மோட்டெட்டை, அதாவது பாடகர் குழு பாடும் இசை ஆராதனையை, தவறவிடாதீர்கள். பாடுவது 1212-இல் தொடங்கிய சிறுவர் பாடகர் குழு. என் காலத்தில் நிகழ்ச்சித் தாளுக்கு இரண்டு யூரோ கொடுத்தால் உள்ளே போகலாம். முதல் மாதம் எனக்கு வேறு எந்தக் கச்சேரிக்கும் காசு இருக்கவில்லை.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறாது. நான் போன மறு வருஷம் எங்கள் ஆலயத்தின் ரீட் ஆர்கனைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டார்கள். துருத்தி கிழிந்திருந்தது, அவ்வளவுதான். தோலை மாற்றினால் இன்னும் ஐம்பது வருஷம் ஓடும். அந்த இடத்தில் இப்போது ஒரு கீபோர்டு, ஞானப்பாட்டுக்கு டிரம் பீட் போட்டு வாசிக்கிறார்கள். வாசிக்கிற பையனைக் குறை சொல்ல மாட்டேன். அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, சம்பளமும் இல்லை. ஊழியம் என்று சொல்லிவிடுகிறார்கள். ஒலிபெருக்கிக்காரருக்குக் கூலி உண்டு, பந்தல்காரருக்கு உண்டு, வருஷத்தில் ஐம்பத்திரண்டு ஞாயிறும் பண்டிகையும் சாவும் கல்யாணமும் வாசிக்கிறவனுக்கு ஒரு பொன்னாடை. ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர் ஆலயத்தில்கூட, மாணவன் போய் ஒரு ஆராதனைக்கு வாசித்தால் கையில் பணம் கொடுத்து ரசீதில் கையெழுத்து வாங்குகிறார்கள். நான் முதன்முதலாக அப்படிக் கையெழுத்துப் போட்டபோது எனக்கு ஐயரம்மா ஞாபகம்தான் வந்தது. முப்பது வருஷம் வாசித்தவர், ஒரு ரூபாய் வாங்கியதில்லை.

பேராசிரியை என்னைக் கையும் காலும் சேர்த்து வாசிக்க விட்டது நவம்பர் இரண்டாவது வாரம். எழுபது யூரோவுக்கு ஷூ வாங்கியிருந்தேன். அந்தச் சீர்திருத்தப் பாட்டைத்தான் முதலில் எடுத்தேன், மெட்டை முழுக்கக் காலுக்குக் கொடுத்து. போனைப் பெஞ்சின் அடியில் வைத்துக் காலை மட்டும் படம் பிடித்து ஐயரம்மாவுக்கு அனுப்பினேன். அன்று இரவே கூப்பிட்டார்.

"காலாலேயா வாசிக்கிறே?"

"ஆமாம்மா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. மறுபடியும் ஓடவிட்டுக் கேட்கிறார் போலிருக்கிறது, போனுக்குள் என் ஆர்கன் சத்தம் கேட்டது.

"நல்லாத்தான் இருக்கு. மூணாவது வரியிலே மூச்சு விட இடம் கொடுக்காம ஓடுறியே, சனங்க எப்படிப் பாடுவாங்க?"

மறுநாள் காலை ஏழு மணிக்குப் போய் அந்த மூன்றாவது வரியைத்தான் முதலில் எடுத்தேன்.