அம்மாவின் புடவையில் கத்தரி வைக்கலாமா?

அன்புள்ள அக்கா,

அம்மா போய் ஒரு வருடம் ஆகிறது. எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டு அலமாரி நிறைய அவர் துணிதான். அவற்றை வெட்டி, ஒட்டித் தைத்து, சுவரில் மாட்டுகிற மாதிரி ஒரு துணி ஓவியம் செய்ய ஆசை. "பட்டுப்புடவையில் கத்தரி வைத்தால் உன்னோடு பேச மாட்டேன்" என்கிறாள் தங்கை. வெட்டலாமா? அப்புறம், இதெல்லாம் கலைதானா, வெறும் பொழுதுபோக்கா?

வாசகி, யீஷூன், சிங்கப்பூர்

அன்புள்ள வாசகிக்கு,

தங்கை சொல்வதில் பாதி சரி. பட்டைத் தொடாதீர்கள், அவருக்கே கொடுத்துவிடுங்கள், கட்டட்டும். கல்யாணம், தீபாவளி என்று வருடத்தில் நாலு நாள் கட்டிய புடவையில் அம்மா அவ்வளவாக இல்லை. தினம் கட்டிய நூல்புடவை, தலையணை உறை, அடுப்படியில் கிடந்த கைப்பிடித்துணி, இதிலெல்லாம்தான் இருக்கிறார், நாமோ இதைத்தான் முதலில் குப்பையில் போடுகிறோம்.

என் அம்மா தேக்கா சந்தைக்குப் போகும்போது சில்லறையை முந்தானை நுனியில் முடிந்துகொள்வார். வருடக்கணக்கில் முடிந்து முடிந்து அந்த மூலை மட்டும் சுருங்கி, நிறம் வெளிறி, எத்தனை முறை இஸ்திரி போட்டாலும் நிமிராது. நான் செய்த துணி ஓவியத்தின் நடுவில் இருப்பது அந்த மூலைதான். ஆனால் அதற்கு முன் ஒரு முட்டாள்தனம் செய்தேன், எல்லாவற்றையும் சோப்புப் போட்டுத் துவைத்தேன். மஞ்சள் கறை அப்படியே இருந்தது, வாசனைதான் போய்விட்டது. பசை போட்டு ஒட்டியது இன்னொரு தப்பு. இந்த ஊர்ப் புழுக்கத்தில் பழுப்பேறிப் பூஞ்சை பிடித்து, ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து ஊசியை மேலும் கீழுமாக ஓட்டும் ஓட்டுத்தையல் போட வேண்டியதாயிற்று. நீங்கள் ஊசியோடே ஆரம்பியுங்கள். கஞ்சி போட்ட துணியை மட்டும் வெறும் தண்ணீரில் அலசிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பூச்சி வரும்.

கலையா என்று கேட்டீர்கள். 1942-ல் ஜப்பானியர் சாங்கிச் சிறையில் அடைத்துவைத்திருந்த பெண்கள், கிடைத்த வெள்ளைத்துணியைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஆளுக்கொரு சதுரத்தில் பூத்தையல் போட்டுப் பெயரையும் தைத்தார்கள். கனடாவைச் சேர்ந்த எத்தெல் மல்வனி என்ற பெண்மணி முன்னின்று செய்த வேலை அது. ஒரு போர்வைக்கு 66 சதுரம், இப்படி மூன்று போர்வை. காயம்பட்டவர்களுக்கு என்று சொல்லி வெளியே அனுப்பினார்கள். வேறு முகாமில் இருந்த கணவன்மார், தைத்திருந்த பெயரைப் பார்த்து, இவள் உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ளட்டும் என்பதும் உள்ளே இருந்த கணக்கு. அவற்றில் இரண்டு இன்று கான்பெராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன. இன்று நாம் விமானம் ஏறுவதும் அதே சாங்கியில்தான்.

ஏன், நம் தேரில் தொங்குகிற தொம்பைகூட வண்ணத்துணியை வெட்டி ஒட்டித் தைத்ததுதான். அதைப் பார்த்து இது கலையா என்று யாரும் கேட்டதில்லை. வீட்டுப் பெண் செய்தால் மட்டும் பொழுதுபோக்கு!

சரி, கத்தரியை எடுக்குமுன் தங்கையைக் கூப்பிட்டு அந்தப் பழந்துணி மூட்டையை இரண்டு பேருமாகப் பிரியுங்கள். பட்டுப்புடவையை விட ஏதாவது ஒரு கிழிந்த நைட்டிக்குத்தான் சண்டை வரும் என்று எனக்குத் தோன்றுகிறது. வந்தால் எழுதுங்கள்.