இறக்கத்தில் கறுக்கும் கால் நகம்: பெரிய ஷூ வாங்கினால் சரியாகிவிடுமா?

கேள்வி: போன மாதம் முதல்முறையாகக் கோவை வெள்ளியங்கிரியின் ஏழு மலையும் ஏறினேன். ஏறும்போது ஒரு தொந்தரவும் இல்லை. இறங்கி வந்து அடிவாரத்தில், பூண்டியில், ஷூவைக் கழற்றினால், இரண்டு கால் கட்டைவிரல் நகமும் கன்றிக் கறுத்திருந்தன. என் வழக்கமான எட்டாம் நம்பர் ஷூதான் போட்டிருந்தேன். அடுத்த வருடத்துக்கு ஒன்பது வாங்கிவிடவா? (வாசகர், திருப்பூர்)

பதில்: ஒன்பது வாங்கினால் சரியாகலாம், இன்னும் மோசமாகவும் ஆகலாம். விரலுக்கு முன்னால் எவ்வளவு இடம் இருக்கிறது என்பது பாதிக் கதைதான். உங்கள் குதிகால் ஷூவுக்குள் அசையாமல் உட்கார்ந்திருந்ததா என்பதுதான் மீதி. பலரும் அதைக் கவனிப்பதே இல்லை.

ஏறும்போது கால் பின்பக்கமாகச் சாய்வதால் நகத்துக்கு வேலையில்லை. இறங்கும்போது, பஸ் பிரேக் அடித்ததும் நிற்கிறவர்கள் முன்னால் சரிவார்களே, அதேபோல ஒவ்வொரு அடிக்கும் பாதம் ஷூவுக்குள் முன்னால் சறுக்கி நகம் போய் முட்டுகிறது. ஒரு முட்டு ஒன்றும் செய்யாது. ஏழு மலையையும் இறங்கி முடிப்பதற்குள் ஆயிரக்கணக்கில் முட்டிவிடும். நகத்துக்கு அடியில் இருக்கும் சிறிய ரத்தக்குழாய்கள் உடைந்து, வெளியேற வழியில்லாமல் ரத்தம் அங்கேயே தேங்குகிறது. நீங்கள் பார்த்த கறுப்பு அதுதான். குதிகால் லூஸாக இருக்கும் ஷூவை ஒரு நம்பர் கூட்டி வாங்கினால், கால் ஓடிவந்து முட்ட இன்னும் கொஞ்சம் தூரம் கிடைக்கும், அவ்வளவுதான்.

கடைக்கு மாலையில் போங்கள். பகல் முழுக்க நின்று நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் வீங்கும். மலைக்குப் போடப்போகும் சாக்ஸையே கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். ஷூவின் உள்அட்டையை வெளியே எடுத்து அதன்மேல் நில்லுங்கள். மிக நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் மிச்சம் இருக்க வேண்டும். சிலருக்குக் கட்டைவிரலைவிட இரண்டாவது விரல்தான் நீளம், அவர்கள் அதை வைத்து அளக்க வேண்டும். அப்புறம், கடை வாசலில் பைக் ஏற்ற ஒரு சாய்தளம் இருந்தால் அதில் நாலு தடவை இறங்கிப் பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பரவாயில்லை. விரல் முன்னால் தொட்டால் அந்த ஷூ வேண்டாம்.

ஷூ சரியாக இருந்தாலும் லேஸ் கட்டுவதில்தான் நிறையப் பேர் கோட்டைவிடுகிறார்கள். ஓட்ட ஷூ, மலையேற்ற ஷூ பலவற்றில் மேல்நுனியில், கடைசித் துளைக்குச் சற்றுப் பின்னால் தள்ளி, யாரும் சீண்டாத ஒரு துளை இருக்கும். லேஸைக் கடைசித் துளைவரை வழக்கம்போலக் கோத்துவிட்டு, எதிர்ப்பக்கம் கொண்டுபோகாமல் அதே பக்கத்தில் இருக்கும் அந்தத் துளைக்குள் வெளியிலிருந்து உள்ளே விடுங்கள். முழுவதும் இழுக்காமல் ஒரு சின்ன வளையம் நிற்கட்டும். இரண்டு பக்கமும் இப்படிச் செய்தபின், வலது லேஸை இடது வளையத்துக்குள்ளும் இடது லேஸை வலது வளையத்துக்குள்ளும் விட்டு, கீழ்நோக்கி இழுத்து முடிச்சுப் போடுங்கள். கணுக்காலைச் சுற்றி ஷூ கப்பென்று பிடிப்பது அப்போதே தெரியும். முடிச்சுப் போடுவதற்கு முன் விரல்களைத் தூக்கி, குதிகாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிப் பின்னால் உட்காரவையுங்கள். புறங்காலில் இறுக்கம், விரல் பக்கம் தளர்வு, இதுதான் கணக்கு. விரல் மரத்துப்போனால் அளவுக்கு மீறி இறுக்கிவிட்டீர்கள்.

காலையில் கீழே கட்டிய லேஸ் மேலே போவதற்குள் தளர்ந்திருக்கும். இறங்கத் தொடங்கும் முன் உட்கார்ந்து புதிதாகக் கட்டுங்கள். ஆறாவது மலையில் ஆண்டி சுனையில் குளித்துவிட்டு ஈரக்காலோடு அதே பருத்தி சாக்ஸை மாட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊறிய தோலுக்கும் நனைந்த பருத்திக்கும் கொப்புளம் நிச்சயம். செயற்கை இழை அல்லது கம்பளி கலந்த சாக்ஸ் இன்னொரு ஜோடி பையில் இருக்கட்டும்.

நகத்தை இரண்டு மூன்று நாள் முன்பே நேராக வெட்டி, ஓரத்தை அரத்தால் தேய்த்துவிடுங்கள். மூலையை வளைத்து வெட்டினால் நகம் சதைக்குள் இறங்கும்.

இறங்கும்போது முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, சின்னச் சின்ன அடியாக வையுங்கள். அடிவாரத்தில் வாங்கும் மூங்கில் தடியை முதலில் கீழே ஊன்றிவிட்டுப் பிறகு காலை வையுங்கள். கடைசியாக வரும் முதல் மலையின் படிகளில்தான் ஆபத்து. தொடை ஓய்ந்திருக்கும், வீட்டு நினைப்பு வந்திருக்கும், தடதடவென்று இறங்கத் தோன்றும். (வெறுங்காலோடு இறங்குகிறவருக்கு இப்படி நகம் கறுப்பது குறைவு, முட்டுவதற்குச் சுவரே இல்லையே! கல் தடுக்கி நகம் பெயர்வதுதான் அவருக்குப் பயம்.)

இப்போது கறுத்திருக்கும் நகங்கள். வலி இல்லையென்றால் சும்மா விட்டுவிடலாம். அடிபட்ட ஓரிரு நாளில் விண்விண்ணென்று தெறித்தால் மருத்துவர் நகத்தில் சிறு துளையிட்டு ரத்தத்தை வடித்துவிடுவார், வலி சட்டென்று குறையும். ஊசியைக் காய்ச்சிக்கொண்டு நீங்களே இறங்க வேண்டாம். விரல் வீங்கி ஊன்ற முடியாவிட்டாலோ, சீழ் வைத்தாலோ மருத்துவரிடம் போங்கள். சர்க்கரை நோய் இருந்தால் வலி இல்லாவிட்டாலும் காட்டிவிடுங்கள். அடிபடாமலே வந்த கறுப்புக்கோடு, நகம் வளர்ந்தும் நகராமல் நின்றால், அதைத் தோல் மருத்துவர் பார்க்க வேண்டும்.

நகம் ஆடினால் பிய்க்காதீர்கள். கட்டைவிரல் நகம் முழுதாக முளைக்க ஒரு வருடத்திலிருந்து ஒன்றரை வருடம் ஆகும். எனக்கு ஒருமுறை விழுந்தது, மறு வருடமும் பாதி நகத்தோடுதான் ஏறினேன். அடுத்த பிப்ரவரியில் பாதை திறக்கும்போது உங்களுக்கும் பாதி நகம்தான் இருக்கலாம். அதன் விளிம்பு சாக்ஸில் மாட்டி இழுக்கும். கிளம்பும் முன் மருந்துக்கடையில் கிடைக்கும் காகித டேப்பை ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ளுங்கள்.