முன்பணத்தைக் கையில் வாங்குவதற்கு முன்

கேள்வி: ஒன்பது வருடமாக டிப்பர் லாரி ஓட்டுகிறேன். இப்போது மூன்று வேலைகள் வந்திருக்கின்றன. நீண்ட தூரம் போகும் கன்டெய்னர் டிரெய்லர்; டிரிப் கணக்கில் கூலி, கிளம்பினால் வீடு திரும்ப இருபது நாள் ஆகும். பால் டேங்கர்; மாதச் சம்பளம், ஒருநாள் விட்டு ஒருநாள் வீட்டில் இருக்கலாம். ஊருக்குள் கடைகளுக்குச் சரக்கு இறக்கும் சின்ன லாரி. சம்பளம் குறைவு, தினமும் வீட்டுக்கு வந்துவிடலாம். டிரெய்லர் முதலாளி ஆறு மாதக் கூலியை முன்பணமாகவும் தருகிறார், தம்பி கல்யாணத்துக்கு உதவும். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. இரண்டு குழந்தைகள். எதில் சேரலாம்?

பதில்: நீங்கள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டீர்கள். போகிறபோக்கில் எழுதிய அந்த முன்பணம்தான் உங்களை இழுக்கிறது. அதை மனைவியிடம் சொல்லாமல் வைத்திருப்பதே, அது சரியில்லை என்று உங்களுக்கே தெரிந்திருப்பதைக் காட்டுகிறது.

தன்னிடம் முன்பின் வேலை பார்க்காத ஒருவருக்கு ஆறு மாதக் கூலியை அந்த முதலாளி ஏன் தூக்கிக் கொடுக்கிறார் என்று யோசித்தீர்களா? ஆள் தங்காத வேலைக்குத்தான் ஆளைக் கட்டிப்போடப் பணம் தேவைப்படும். டயர் தேய்ந்திருக்கிறது, வண்டியை எடுக்க மாட்டேன்; லோடு அதிகம், இறக்குங்கள்; கண் சொருகுகிறது, தூங்கிவிட்டுத்தான் வருவேன். ஒரு டிரைவரை உயிரோடு வைத்திருப்பது இப்படி மறுத்துப் பேசும் வாய்தான். முன்பணம் வாங்கியவருக்கு அந்த வாய் எழாது.

டிரிப் கணக்கு வேலையில் இது இன்னும் மோசம். சரக்கு ஏற்றவும் இறக்கவும் வரிசையில் காத்துக்கிடக்கும் நேரத்துக்குப் பெரும்பாலும் கூலி கிடையாது. அங்கே போன நேரத்தை டிரைவர் ராத்திரித் தூக்கத்தில் இருந்துதான் எடுக்கிறார். நள்ளிரவு தாண்டி விடியும் வரை உடம்பு தானாகவே தூக்கத்துக்குச் சாயும். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகும். 4 நொடி கண் அசந்தால் கிட்டத்தட்ட 90 மீட்டருக்கு அந்த டிரெய்லரை யாருமே ஓட்டவில்லை. எதிரே வருபவருக்கும் குடும்பம் உண்டு.

தம்பிக்குச் செய்ய நினைப்பது நல்ல குணம்தான். ஆனால் கல்யாணம் செய்துகொள்ளும் வயது வந்தவர் அதற்கான செலவையும் சுமக்க வேண்டும். கையில் இருப்பதைக் கொடுங்கள், போதும். இன்னும் ஓட்டாத ஆறு மாதத்தை அடகு வைத்துக் கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை. அந்த ஆறு மாதமும் இரண்டு குழந்தைகளைத் தனியாகப் பார்க்கப்போகிறவர் உங்கள் மனைவி. அவரிடம் கேட்காமல் அவர் தலையில் கடனை ஏற்றுவதற்குப் பெயர் பாசமா?

நீண்ட தூர ஓட்டமே தப்பு என்று நான் சொல்லமாட்டேன். அதில் எத்தனையோ குடும்பங்கள் நன்றாக வாழ்கின்றன. டிரெய்லர் முதலாளியிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "முன்பணம் வேண்டாம், காத்திருக்கும் நாளுக்குக் கூலி கொடுங்கள்." மழுப்பினால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

நானாக இருந்தால் பால் டேங்கரைத்தான் முதலில் விசாரிப்பேன். ஆனால் டிப்பர் ஓட்டிய பழக்கத்தை நம்பி ஏறிவிட வேண்டாம். மண்ணும் ஜல்லியும் ஏற்றிய இடத்திலேயே கிடக்கும், பால் அலையும். கழுவிச் சுத்தம் செய்ய வேண்டும் என்பதால் பால் டேங்கருக்குள் பெரும்பாலும் அலைத்தடுப்புத் தகடுகள் இருக்காது. பிரேக் போட்டு வண்டி நின்ற பிறகும் உள்ளே இருக்கும் பால் முன்னால் வந்து இடித்துத் தள்ளும். வளைவில் பக்கவாட்டில் சாய்க்கும். முழு டேங்கரைவிடப் பாதி நிரம்பியது இன்னும் ஆபத்து. அனுபவமுள்ள டிரைவரோடு சில வாரம் கூடவே அனுப்புவார்களா, ராத்திரி ஓட்டம் உண்டா, இருந்தால் மறுநாள் பகலில் தூங்கவிடுவார்களா என்று சேரும் முன்பே கேளுங்கள். இதற்கெல்லாம் ஒழுங்கான பதில் இல்லை என்றால் சின்ன லாரிக்குப் போங்கள். அதிலும் மூட்டை தூக்கி முதுகு போகும், சந்துக்குள் ரிவர்ஸ் எடுத்தே பாதி நாள் ஓடும். அப்புறம், குறைந்த சம்பளத்தில் வீட்டை நடத்த முடியுமா என்பது உங்கள் மனைவிக்குத்தான் தெரியும். இன்றைக்கே மூன்று வேலைகளையும் அவரிடம் சொல்லுங்கள், முன்பணத்தையும் சேர்த்து.