கத்தோலிக்க ஆண்கள் பள்ளிகளில் மறைக்கல்வி, நன்னெறி என இரண்டு வகுப்புகள் ஏன்?

விவிலியம், செபங்கள், திருவருட்சாதனங்கள் (திருமுழுக்கு, நற்கருணை போன்ற புனிதச் சடங்குகள்) பற்றிக் கத்தோலிக்க மாணவர்களுக்குச் சொல்லித்தருவது மறைக்கல்வி. தமிழ்நாட்டில் இயேசு சபையினர் (ஜெசூட் என்னும் கத்தோலிக்கத் துறவியர்) நடத்தும் பள்ளிகளில் எல்லா மதத்துப் பையன்களும் ஒரே பெஞ்சில்தான் படிக்கிறார்கள். மறைக்கல்விப் பாடவேளையில் மட்டும் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு.

காரணம், அரசியலமைப்பின் 28(3) பிரிவு. அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் பள்ளியில், பெற்றோர் சம்மதமின்றி எந்தச் சிறுவனையும் சமய போதனையில் உட்காரவைக்க முடியாது. அதே அரசியலமைப்பின் 30ஆம் பிரிவுதான் சிறுபான்மையினருக்குப் பள்ளி நடத்தும் உரிமையையும் தருகிறது.

கல்யாண வீட்டில் சடங்கு அந்தக் குடும்பத்தின் முறைப்படி நடக்கும். பந்தி எல்லோருக்கும் பொது. அப்படித்தான் இதுவும். கால்பந்து, ஆண்டுவிழா, நட்பு எல்லாம் பந்தியில் சேர்ந்தவை. எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுவே.

இந்தப் பள்ளிகளில் சேர்ந்தால் மதம் மாறச் சொல்வார்கள் என்ற பயம் தேவையில்லை: மனச்சாட்சிக்கு எதிராக யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று திருச்சபைச் சட்டமே (748ஆம் விதி) தடுக்கிறது.