அமெரிக்க ராக் இசைக்கலைஞர் லூ ரீட்டின் ‘மெட்டல் மெஷின் மியூசிக்’ இசைத்தட்டு வெறும் இரைச்சல்தானா? அதை எப்படிக் கேட்பது?

இரைச்சல்தான், ஆனால் வெறும் இரைச்சல் இல்லை. நம்மூர் அம்மன் சடங்கில் மைக்கை ஒலிபெருக்கிப் பக்கம் திருப்பினால் ‘கூ’ என்று ஊளையிடுமே, அதே சங்கதி. வெளியே வருகிற சத்தத்தையே மைக் மறுபடி எடுக்கும்; அது சுற்றிச் சுற்றி ஏறும். 1975 இல் வந்த இந்த இரட்டை இசைத்தட்டில் மைக்குக்குப் பதில் கிற்றார். அம்ப்ளிஃபையர் முன்னால் அதைச் சாய்த்து வைத்தால் சத்தமே கம்பியை அதிரவைக்கும், விரலே வேண்டாம். அந்த ஒலிகளை அடுக்கி, டேப்பின் வேகத்தையும் மாற்றியிருக்கிறார். பாட்டில்லை, தாளமில்லை. ஒரு பக்கம் சுமார் 16 நிமிடம், மொத்தம் நாலு பக்கம். கடைசிப் பக்க முடிவில் ஊசி ஒரே வளையத்தில் மாட்டிக்கொள்ளும். நீங்களாகத் தூக்கும்வரை நிற்காது. சரியான குறும்பு!

மட்டக்களப்பு வாவியில், கல்லடிப் பாலத்தடியில் ‘பாடும் மீன்’ ஒலியைக் கேட்கப் போகிறவர்கள் துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைப்பார்கள். மெட்டை எதிர்பார்த்து யாரும் போவதில்லை. அப்படிக் கேளுங்கள், ஹெட்போனில். இடக் காதில் ஒன்று, வலக் காதில் வேறொன்று. கொஞ்ச நேரத்தில் உள்ளுக்குள் சின்னச் சின்ன மெட்டுகள் தலைகாட்டும். எனக்கு முதல் பக்கமே போதும். நாலையும் ஒரே இருப்பில் கேட்க இன்னும் பொறுமை வரவில்லை.