சாசுகேயின் கண்ணும் ஜூக்கோவின் நெருப்பும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். அரூர் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொந்தமாக ஒரு கதை எழுதி வரச் சொன்னேன். பாதிப் பேர் படக்கதையாக வரைந்துகொண்டு வந்தார்கள். எல்லாம் அனிமே என்கிற ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்களைப் பார்த்த பாதிப்பு. படிக்கப் படிக்க ஒரு விஷயம் உறுத்தியது. ஏறக்குறைய எல்லா நாயகர்களுக்கும் முதல் பக்கத்திலேயே அப்பா அம்மா செத்துப்போகிறார்கள். மூன்றாம் பக்கத்தில் நாயகனுக்குச் சக்தி வந்துவிடுகிறது. வில்லனுக்கும் அதே கதைதான், அவனுக்குக் கடைசியில் ஃப்ளாஷ்பேக். "இவன் செய்தது தப்புதானே?" என்று கேட்டால், "பாவம் சார், சின்ன வயசுல அவனுக்கு அப்படி ஆயிடுச்சு" என்கிறார்கள்.

இவர்களில் பலருடைய பெற்றோர் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருக்கிறார்கள். பிள்ளைகள் ஆயா வீட்டில் வளர்கிறார்கள். கஷ்டப்பட்டவனுக்குத்தான் பலம் வரும் என்று இவர்கள் நம்புவது நல்லதா? சின்ன வயதில் பட்ட காயம்தான் ஆளை உருவாக்குகிறது என்று இந்தத் தொடர்கள் சொல்வது உண்மையா? இதையெல்லாம் பார்க்க விடலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதல் பக்கத்துச் சாவுகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதில் பாதி கதைக்கான வசதி. அம்மா உயிரோடு இருந்தால் எந்த நாயகனும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தெருமுனையைத் தாண்ட முடியாது. நம் பாட்டி கதைகளிலும் மாற்றாந்தாய் வந்த பிறகுதான் ராஜகுமாரன் காட்டுக்குப் போகிறான். உங்கள் பிள்ளைகள் ஒரு பழைய உத்தியைத் தாங்களே கண்டுபிடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

எனக்குக் கவலை மூன்றாம் பக்கம்தான்.

அது எங்கிருந்து வருகிறது என்று ஊகிக்க முடிகிறது. மசாஷி கிஷிமோட்டோ 1999இல் மங்காவாக (ஜப்பானியப் படக்கதை) வரையத் தொடங்கி, 2002இல் தொலைக்காட்சித் தொடராக வந்த 'நருட்டோ'. அதில் சாசுகே என்ற சிறுவன். அவனுடைய அண்ணன் இட்டாச்சி ஒரே இரவில் தன் குலத்தையே கொன்றுபோடுகிறான், பெற்றோர் உட்பட. தம்பியை மட்டும் விட்டுவிட்டு, என்னை வெறுத்துக்கொண்டே உயிரோடு இரு என்று சொல்லிவிட்டுப் போகிறான். அந்தக் குலத்தாருக்கு ஷாரிங்கன் என்று ஒரு சிறப்புக் கண் உண்டு. நெருங்கிய ஒருவரின் சாவைக் கண்டால் அந்தக் கண் அடுத்த படிக்குப் போகும். அன்பு வைத்தவரை இழக்கும்போது மூளையில் ஒரு சக்தி சுரந்து கண் நரம்பில் வேலை செய்கிறது என்று கதைக்குள்ளேயே விளக்கமும் வருகிறது. துக்கம் நேராக ஆயுதமாகிவிடுகிறது. பதினான்கு வயதுப் பையனுக்கு இதைவிட இனிப்பான செய்தி வேறென்ன இருக்கும்? பட்டதெல்லாம் வீண் போகவில்லை, உள்ளே எங்கோ சேர்ந்துகொண்டே இருக்கிறது, ஒரு நாள் கண்ணில் வந்து நிற்கும்.

இதை நான் நம்பவில்லை. ஆனால் 'நருட்டோ'வை ஒதுக்கவும் எனக்கு மனமில்லை. அதே தொடரில்தான் காரா இருக்கிறான்.

காரா பிறக்கும் முன்பே அவனுக்குள் ஒரு மிருகத்தை அடைத்துவிடுகிறார்கள். பெற்றவுடன் தாய் இறந்துவிடுகிறாள். ஊரே அவனைக் கண்டு ஒதுங்குகிறது. கடைசியில் பெற்ற தகப்பனே அவனைக் கொல்ல ஆள் அனுப்புகிறான். வந்தவன், அதுவரை அவனிடம் அன்பாக இருந்த ஒரே ஆள், தாய்மாமன் யஷமாரு. தாய்மாமன் செய்தான் என்றால் அதற்கு என்ன கனம் என்று நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. காரா தூங்குவதில்லை. தூங்கினால் உள்ளே இருப்பது தன்னைத் தின்றுவிடும் என்ற பயம். கண்ணைச் சுற்றிக் கருவளையம். ஆபத்து என்றால் அவன் நினைக்காமலேயே மணல் எழுந்து அவனை மறைத்துக்கொள்கிறது. அடியே படாமல் வளர்ந்தவன், பிறகு ஒரு சண்டையில் சாசுகேயின் கை அந்த மணலைத் துளைத்து உள்ளே போகும்போது, தன் ரத்தத்தைப் பார்த்து அலறுகிறான். இந்தக் காட்சியை எழுதியவருக்கு மனக்காயம் என்றால் என்னவென்று தெரிந்திருக்கிறது. காராவுக்கு மிஞ்சியது பழக்கங்கள்தான்: தூங்காமல் இருப்பது, யாரையும் கிட்டே விடாமல் இருப்பது, தாக்கப்படும் முன்பே தாக்குவது. பார்க்கிறவர்களுக்கு அது பலமாகத் தெரிகிறது.

இதையே இன்னும் துணிச்சலாகச் சொன்னது 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' (2005–2008). அமெரிக்கத் தொடர், மொத்தம் 61 அத்தியாயங்கள். நெருப்பு நாட்டு இளவரசன் ஜூக்கோ பதின்மூன்று வயதில் போர் ஆலோசனைக் கூட்டத்தில் வாய் திறந்துவிடுகிறான். புதுச் சிப்பாய்களைப் பலிகொடுக்கும் திட்டம் தப்பு என்கிறான். அதற்குத் தண்டனையாகத் தகப்பனோடே நேருக்கு நேர் மோத வேண்டும். பையன் மண்டியிட்டுக் கெஞ்சுகிறான். தகப்பன் ஒசாய் அவன் முகத்தைச் சுட்டு நாடுகடத்திவிடுகிறான். நீர், நிலம், நெருப்பு, காற்று நான்கையும் ஆளக்கூடிய அவதாரைப் பிடித்துக்கொண்டு வந்தால் திரும்பலாம் என்று நிபந்தனை வேறு.

மூன்றாம் பருவத்தில் ஜூக்கோ ஆசைப்பட்டதெல்லாம் கிடைக்கிறது. அரண்மனை, மரியாதை, அப்பாவின் பாராட்டு. கிடைத்த பிறகு முன்னைவிட அதிகமாக எரிந்து விழுகிறான். எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவதாரிடமே போய்ச் சேர்கிறான், அவனுக்கு நெருப்பு வித்தை கற்றுக்கொடுக்க. அங்கே போனால் இவனுக்கே நெருப்பு சரியாக வரவில்லை. அத்தனை காலம் அந்த அடுப்பு கோபத்தில்தான் எரிந்திருக்கிறது, கோபம் போனதும் அணைந்துவிட்டது. பழைய சூரிய வீரர்களின் நகரத்துக்குப் போய், டிராகன்களிடமிருந்து முதலிலிருந்து கற்றுக்கொள்கிறான். மூன்றாம் பருவத்தின் பதின்மூன்றாம் அத்தியாயம் இது. வாய்ப்புக் கிடைத்தால் பாருங்கள்.

காயம் ஆறிவிட்டால் நம்மிடம் இருக்கும் கொஞ்ச பலமும் போய்விடுமோ என்ற பயம் அடிபட்டவர்களுக்கு உண்டு. சாசுகேயின் கண் அந்தப் பயத்தைச் சரி என்கிறது. ஜூக்கோவின் கதை, ஆமாம் போகும், போனால் வேறு இடத்தில் கற்றுக்கொள் என்கிறது. எனக்கு இரண்டாவதுதான் நேர்மையாகப் படுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். நாடுகடத்தப்பட்ட ஜூக்கோவோடு கப்பலில் கூடவே போனவர் பெரியப்பா ஐரோ. அதே போரில் தன் சொந்த மகனைப் பறிகொடுத்தவர். தங்கை அசூலாவும் அதே வீட்டில், அதே அப்பாவிடம் வளர்ந்தவள்தான். அவளுக்குச் சூடும் இல்லை, ஐரோவும் இல்லை. அப்பாவின் செல்லமாக இருந்தவள் கடைசியில் யாருமில்லாமல் உடைந்துபோகிறாள். 'நருட்டோ' தொடரின் நாயகன் நருட்டோவுக்கும் இருகா என்று ஓர் ஆசிரியர் கிடைக்கிறார். நருட்டோவுக்குள் அடைக்கப்பட்டிருக்கும் நரியால்தான் இருகா தன் பெற்றோரை இழந்தார். வெறுக்க எல்லா நியாயமும் இருந்தும், ராமென் நூடுல்ஸ் வாங்கிக் கொடுக்கிறார், அவனுக்காக முதுகில் ஆயுதத்தை வாங்கிக்கொள்கிறார்.

கதாசிரியர்கள் இதைக் காற்றில் பிடிக்கவில்லை. ஹவாயில் கவாய் என்றொரு தீவு. அங்கே 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் உடன் வேலை செய்தவர்களும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் குடி என்று மோசமான சூழலில் வளர்ந்தவர்களில் மூன்றில் ஒருவர் நல்லபடியாகத் தலையெடுத்தார்கள். அவர்களுக்குப் பொதுவாக இருந்தவற்றில் முக்கியமானது, நம்பிப் பிடித்துக்கொள்ள ஒரு பெரியவர் இருந்தது. பல பேருக்கு அது தாத்தா பாட்டி, சிலருக்கு ஆசிரியர். உங்கள் கடிதத்தில் இருக்கும் ஆயாக்களை நினைத்துக்கொண்டேன். அந்த வீடுகளை "பெற்றோர் இல்லாத வீடு" என்று எண்ணிவிடாதீர்கள்.

மற்றபடி வலி பலம் தருகிறதா என்று கேட்டால், அமெரிக்காவில் 17,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று இருக்கிறது, முதல் முடிவுகள் 1998இல் வந்தன. சிறுவயதில் பட்ட துன்பங்களின் வகைகள் கூடக்கூட, வளர்ந்த பிறகு இதய நோய், மனச்சோர்வு, குடி, தற்கொலை முயற்சி எல்லாம் கூடியிருந்தன. ஷாரிங்கன் யாருக்கும் கிடைக்கவில்லை. 'ஸ்டீவன் யுனிவர்ஸ் ஃபியூச்சர்' என்ற தொடரில் ஒரு டாக்டரம்மா இதைத்தான் கண்டுபிடிக்கிறார். உலகத்தைப் பலமுறை காப்பாற்றிய பையனுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் எலும்பெல்லாம் பழைய முறிவுகள். அவன் வெறும் சாகசக்காரன் இல்லை, உடம்பு முழுக்க அடி வாங்கிய குழந்தை என்று அவருக்குப் புரிகிறது. டாக்டரின் பெயர் பிரியங்கா மகேஸ்வரன். எனக்கு அந்தப் பெயரைக் கேட்டதில் ஒரு சின்ன சந்தோஷம்.

சரி, அன்பான ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதுமா? அங்கேதான் கர்ணன் குறுக்கே வருகிறான். கர்ண மோட்சம் கூத்தை விடிய விடியப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்கள் நாம். ஆற்றில் விடப்பட்ட பிள்ளையை ராதை குறைவில்லாமல்தான் வளர்த்தாள். அப்படியும் அந்தக் காயம் ஆறவில்லை. வித்தை காட்ட வந்த அரங்கில் குலம் என்ன என்று கேட்டார்கள். கூத்தில் கட்டிய மனைவி பொன்னுருவியே பிறப்பைச் சொல்லிக் காட்டுகிறாள். வீட்டில் ஒருத்தி மருந்து போட, ஊர் முழுக்கக் கீறிக்கொண்டே இருந்தால் எப்படி ஆறும்? சபையில் முதன்முதலில் அவன் பக்கம் வந்து நின்றவன் துரியோதனன். அப்புறம் நடந்தது தெரியும். சாசுகேயிடமும் முதலில் ஆசை காட்டி அழைத்தவன் வில்லன் ஒரோச்சிமாருதான். அடிபட்ட பிள்ளையிடம் நல்லவர்கள் தயங்கித் தயங்கி வருவதற்குள் இப்படி ஒருவன் வந்துவிடுகிறான்.

உங்கள் பள்ளிக்குப் பக்கத்திலேயே வாச்சாத்தி இருக்கிறது. கார்ட்டூன் பேச்சுக்கு நடுவே அந்தப் பெயரைச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லத்தான் வேண்டும். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலையடிவார ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். தர்மபுரி நீதிமன்றம் 2011இல் குற்றம்சாட்டப்பட்டவர்களில் அப்போது உயிரோடு இருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. அதை உயர்நீதிமன்றம் உறுதிசெய்தது 2023இல். இடையில் ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது. அந்த வலிதான் அவர்களுக்குப் பலம் கொடுத்தது என்று யாராவது மேடையில் பேசினால் எனக்குக் கோபம் வரும். அவர்கள் சொன்னதை நம்பி, பழங்குடியினர் சங்கத்தாரும் இடதுசாரிகளும் வழக்கறிஞர்களும் கூட நின்றார்கள். நடந்ததைத் திரும்பத் திரும்ப அந்நியர்கள் முன்னால் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னார்கள். இதைப் படக்கதையாக வரைந்தால் மூன்றாம் பக்கத்தில் எதுவும் நடக்காது.

"பாவம் சார்" விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகளுக்கு அந்த இரக்கம் இருப்பது நல்லது, அதைத் திட்டி அடக்காதீர்கள். ஆனால் பாவப்படுவதும் விட்டுவிடுவதும் ஒன்றல்ல என்று காட்ட 'அவதார்' தொடரிலேயே அவதாரின் தோழி கட்டாரா இருக்கிறாள். தன் அம்மாவைக் கொன்ற சிப்பாயைத் தேடிப் பிடிக்கிறாள். இப்போது அவன் ஒரு பரிதாபமான கிழவன். பெய்கிற மழையைப் பனிக்கட்டி ஈட்டிகளாக்கி அவன் முகத்துக்கு நேரே நிறுத்துகிறாள், கொல்லாமல் திரும்புகிறாள். மன்னித்தாயா என்றால், இல்லை, மன்னிக்கவே மாட்டேன் என்கிறாள். உங்கள் வகுப்பில் இதைப் பற்றி நல்ல சண்டை மூளும்.

அடுத்த முறை கதை எழுதச் சொல்லும்போது யாரும் சாகக் கூடாது என்று ஒரு நிபந்தனை போட்டுப் பாருங்கள். நாயகனின் அப்பா அம்மா பெங்களூரில் இருக்கிறார்கள், ஆடிப் பதினெட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், வரவில்லை. இதை வைத்து எத்தனை பக்கம் போகிறார்கள் என்று பாருங்கள். ஆனால் யாரையும் கூப்பிட்டு "உனக்கு வீட்டில் என்ன பிரச்சினை?" என்று விசாரிக்க வேண்டாம். தானாகச் சொன்னால் கேளுங்கள். கேட்டது உங்கள் கையை மீறியதாக இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது.

பார்க்க விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்றால் மட்டும் நிறுத்திவிடப் போகிறார்களா? 'போஜாக் ஹார்ஸ்மேன்' மாதிரியான தொடர்களில் மட்டும் கவனமாக இருங்கள். நாயகனுக்குக் குதிரை முகம் இருப்பதால் குழந்தைப் படம் என்று நினைத்துவிடுவார்கள். பாட்டி பட்டது அம்மா வழியாக மகன் தலையில் எப்படி விடிகிறது என்று அது காட்டுவதுபோல் வேறு எதுவும் காட்டியதில்லை. இருந்தாலும் அது பெரியவர்களுக்கானது. நீங்களும் ஒரு தொடரையாவது முழுதாகப் பார்த்துவிடுங்கள், அப்போதுதான் அடுத்த "பாவம் சார்" வரும்போது யாரைச் சொல்கிறான் என்று தெரிந்து பதில் சொல்ல முடியும்.

அன்புடன்,
தர்மபுரியிலிருந்து